இடப்பக்கம் திரும்பிய கால்கள்

திங்கட்கிழமை காலை குடைக் கம்பெனிக்குக் கிளம்பிய தையல் பிரிவு ஆட்களில் பாதிப் பேருடைய கால்கள், நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்புவதற்குப் பதிலாக இடப்பக்கம் திரும்பிவிட்டன. உடம்பும் வேறு வழியில்லாமல் கூடவே போயிற்று. சிலர் கத்திப் பார்த்தார்கள். ஒருவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹாரன் சத்தம் தாங்காமல் எழுந்தபோது கால் மறுபடியும் இடப்பக்கமே நடந்தது. அந்தத் தெருக் கோடியில், பழைய கிடங்கு ஒன்றில், காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனி புதிதாக வந்திருந்தது. ஆள் தேவை என்று அவர்கள் மாட்டிய பலகை வெயிலில் வெளுத்துப் போகும்வரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது கால்கள் நேரே உள்ளே போய் ஆளுக்கொரு ஸ்டூல் பார்த்து நின்றன. குடைத் துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைத்துப் பழகிய விரல்கள், தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை பிடிபட்டுவிட்டது. சாயங்காலம் அதே கால்கள் அவரவரை அவரவர் வீட்டில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தன. வீட்டு விஷயத்தில் கால்கள் ஒருநாளும் தப்புப் பண்ணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சில மாதங்களில் இது ஊர் முழுக்கப் பரவியது. சலூன்காரரின் கால்கள் அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய் விட்டன. அங்கே படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோகாமல் சவரம் செய்ய அவரைப் போல ஆள் கிடையாது என்று பேராயிற்று. டாக்டர் எல்லோருடைய முட்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஆரோக்கியமான கால் என்றார். சாலை சரிவாக இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு நகராட்சி ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் மட்டக்கோல் வைத்துப் பார்த்து, சரிவே இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் கால் அவரை பேக்கரிக்குள் இட்டுச் சென்றது. அன்றிலிருந்து அந்தக் கடை ரொட்டி கோணல் இல்லாமல் வருகிறது. குடைக் கம்பெனி முதலாளியின் மச்சான் அங்கே மேனேஜராக இருந்தார். அவருடைய கால்கள் மட்டும் எந்தப் பக்கமும் திரும்பத் தெரியாமல் நாற்சந்தியின் நடுவிலேயே வட்டமடித்தன. வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு ஒழுங்காகப் போக ஆரம்பித்ததால் போக்குவரத்துக் காவலர்கள் அவரை அப்படியே விட்டுவிட்டார்கள். முதலாளிக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் நம்பாத ஆள் ஒருவர் இருந்தார். குடைக் கம்பெனியின் தையல் பிரிவு சூப்பர்வைசர். பட்டப்பகலில் டார்ச் அடித்து ஆட்களின் பைக்குள் பார்ப்பவர் என்பதால் அவருக்கு டார்ச் என்றே பேர் நிலைத்துவிட்டது. சந்தேகம் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார், சிரிக்காவிட்டால் நிறையத் தண்ணீர் என்பார். தைத்து முடித்த ஒவ்வொரு குடையும் அவர் மேசைக்கு வர வேண்டும், அவர் கண்ணெதிரே விரிய வேண்டும், வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிய பிறகுதான் மடக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். அந்த மேசைக்கு முன்னால் எந்நேரமும் குடையோடு ஒரு வரிசை நிற்கும். கால் தானாகத் திரும்புகிறதாம், யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று அவர் கேட்டார். எதிர்க் கம்பெனிக்காரன் ஆட்களை விலைக்கு வாங்கிவிட்டான், எல்லோரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு.

அவர் மனைவியும் அதே தையல் பிரிவில்தான் இருந்தாள். குடையின் நுனி மடிப்பைத் தைப்பதில் அவள் கை சுத்தமான கை. மற்றவர் கால்களெல்லாம் தறிகெட்டுத் திரிந்தபோது அவள் கால்கள் மட்டும் தினமும் அவரோடு ஒழுங்காக வலப்பக்கம் திரும்பின. காலும் நாம் வைத்திருக்கிற விதத்தில்தான் இருக்கிறது என்று அவர் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொன்ன மறுநாளே, கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள் பேச்சின் நடுவில் இடப்பக்கம் திரும்பிவிட்டாள். சிலிண்டர் போன மாதம்தானே வந்தது, யார் அடுப்பை எரியவிட்டது என்று அவர் தன்பாட்டுக்கு விசாரித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் பக்கத்தில் ஆள் இல்லை என்பதைக் கண்டார்.

மறுநாள் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். குடையைச் சுருட்டிக் கட்டுகிற துணிப்பட்டைகளைப் பின்னி நீளமாக்கி, அவளுடைய வலது கணுக்காலையும் தன்னுடைய இடது கணுக்காலையும் சேர்த்துக் கட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று காலில் நொண்டிக்கொண்டு போவதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது. நாற்சந்தி நெருங்க நெருங்க அவள் உடம்பு சாய ஆரம்பித்தது.

“கொஞ்சம் மெதுவாப் போங்க, கால் இழுக்குது.”

“யார் இழுக்குறா?”

“காலுதாங்க இழுக்குது.”

“அதான் கேக்குறேன், யார் சொல்லி இழுக்குது?”

அவள் பதில் சொல்வதற்குள் இரண்டு கால்களும் இரண்டு பக்கம் பிய்த்துக்கொண்டு போக, இருவரும் நடுத்தெருவில் குப்புற விழுந்தார்கள். பட்டை அறுந்தது. முதலாளியின் மச்சான் ஒரு வட்டம் முடித்துவிட்டு வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். அவள் கால்கள் அதற்குள் எழுந்து அவளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. “டிபன் பாக்ஸ் மாறிடுச்சு, உங்களுது என்கிட்ட இருக்கு!” என்று அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். இவ்வளவு அமளியிலும் டிபன் பாக்ஸ் ஞாபகம் வருகிறதே என்று அவருக்கு அதிலும் ஒரு சந்தேகம் முளைத்தது.

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் போய்க் காதுக்கருவிக் கம்பெனி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவள் பெரிய லென்ஸ் வைத்த விளக்குக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சொட்டைத்தலை மெக்கானிக் ஒருவர் வந்து அந்த விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தார். அவர் என்னவோ சொல்ல, அவள் சிரித்தாள். குடைக் கம்பெனியில் இத்தனை வருஷத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. தான் சூப்பர்வைசராக உட்கார்ந்திருந்த அறையில் யாருமே சிரித்ததில்லை என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் குடைந்து குடைந்து கேட்டார். ஏன் லேட், யார் அந்த மெக்கானிக், விளக்கு தாழ்ந்திருந்தால் அவனுக்கென்ன, உயர்ந்திருந்தால் அவனுக்கென்ன. அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். அந்தப் பதில்களில் ஓட்டை ஒன்றும் கிடைக்காதது அவரை இன்னும் கலக்கியது. உண்மையில் அவருக்குப் பயம். கேட்காமல் கொள்ளாமல் கால் போய்விட்டது, மனசு போக எத்தனை நாளாகும் என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் அவளுடைய பையை டார்ச் அடித்துப் பார்த்தார்.

இதற்கிடையில் குடைக் கம்பெனியில் ஒரு விபரீதம் நடந்தது. ஆட்கள் பாதியானார்கள், பிறகு அதிலும் பாதியானார்கள், குடைகள் குறையவில்லை. குறையாதது மட்டுமல்ல, கூடிக்கொண்டே போயின. மாலையில் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. முதலாளி பூரித்துப்போய், என்ன மாயம் பண்ணுகிறீர்கள் என்று சூப்பர்வைசரின் முதுகைத் தட்டினார். அவருக்கோ இதிலும் சந்தேகம். யாரோ வெளியிலிருந்து குடைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று நினைத்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காவல் இருந்தார். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. மிச்சமிருந்த பெண்கள் குடையைத் தைத்தார்கள், தாங்களே ஒரு தடவை விரித்து உதறினார்கள், மடக்கிப் பெட்டியில் போட்டார்கள், அடுத்ததை எடுத்தார்கள். அவர் மேசைக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆள் இல்லை, அதனால் யாரும் நடக்கவில்லை. வரிசையும் இல்லை. இத்தனை வருஷமாகக் கம்பெனியின் பாதி நாளைத் தின்றது எது என்பது அவருக்கு விளங்கியது. துணிக்கட்டுகளுக்குப் பின்னாலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

மறுநாள் காலை அவர் கால்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார், நின்றபடியே இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி ஏதோ கலந்துவிட்டாள் என்று முதலில் சந்தேகப்பட்டார். இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் சாப்பிட்டார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் நிற்கவில்லை. மழைக்காலம் முழுவதும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லாக் கால்களுக்கும் எங்கேயோ ஓர் இடம் இருந்தது. முதலாளியின் மச்சானுக்குக்கூட ஒரு நாற்சந்தி இருந்தது. அவர் கால்களுக்குத்தான் உலகத்தில் எங்கேயும் வேலை இல்லை. மனைவி தினமும் அவருக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, குனிந்து அவர் முட்டியை ஒரு தடவை நீவிவிட்டுக் கிளம்பினாள். அது பரிதாபமா, கிளம்புகிற அவசரமா என்று அவர் நாளெல்லாம் யோசித்தார்.

மழை விட்ட வாரத்தில், அவள் தெருமுனை திரும்பியதும், அவர் கால்கள் படக்கென்று எழுந்தன. படியிறங்கின, நாற்சந்தியை அடைந்தன, இடப்பக்கம் திரும்பின. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடைசியில் கால் நம் பக்கம் வந்துவிட்டது, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். கால்கள் காதுக்கருவிக் கம்பெனிக்குள் நுழைந்தன. மனைவியின் ஸ்டூலைத் தாண்டின, வாய் பிளந்து நின்ற மெக்கானிக்கைத் தாண்டின, கூடத்தின் கடைசியில் காலியாக இருந்த ஒரு மேசைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்துவிட்டு ஓய்ந்தன. அது செய்து முடித்த கருவிகளைச் சோதிக்கிற மேசை. அதில் அதுவரை இருந்தவர்கள் நல்ல மனுஷர்கள். கருவியைப் பார்ப்பார்கள், நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புவார்கள், பெட்டியில் போடுவார்கள். போன கருவிகளில் பாதி, காதுக்குள் விசிலடிக்கிறது என்று திரும்பி வந்துகொண்டிருந்தன. குடை கெட்டால் தைத்தவளுக்கே தெரியும். இது கெட்டால் காதில் வைத்துக் கேட்கிறவருக்குத்தான் தெரியும்.

அவர் முதல் கருவியை எடுத்துக் காதில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். “இது எதையோ மறைக்குது” என்றார். பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. அடுத்ததை எடுத்தார், அதையும் நம்பவில்லை. மனைவி சுற்றிக் கொடுத்ததையும் நம்பவில்லை. இரண்டைத் திருப்பி அனுப்பினார். அவள் முறைத்துக்கொண்டே பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினாள். அந்த வருஷத்துக்குள் திரும்பி வருகிற கருவிகள் நின்றே போயின. அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்து திரிந்த சந்தேகம் காலையில் அந்த மேசையில் இறங்கும், சாயங்காலத்துக்குள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் செலவாகிவிடும். வெறும் மனுஷராக வீடு திரும்புவார். பால்காரரைப் பார்த்துச் சிரித்தார். பால்காரர் பயந்துபோய் ஒரு வாரம் தண்ணீர் கலக்காமல் ஊற்றினார்.

ஒருநாள் மெக்கானிக்கின் மகளுக்குப் பிரசவம் என்று கம்பெனிப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மனைவி நேரம் கழித்து வந்தாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, கூட வந்தது யார் என்று வழியெல்லாம் பதிலை அடுக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவர் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார்.

“கை காலைக் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது” என்றார்.

அவள் நகரவில்லை. “எங்க போயிருந்தேன்னு கேக்க மாட்டீங்களா?”

“கால் கூட்டிட்டு வந்துடுச்சில்ல, போதும்.”

அவள் உட்கார்ந்தாள், சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. இந்த மனுஷனுக்கு நாம் வேண்டாதவளாகிவிட்டோமா என்று தோன்றியது. அடுக்கி வைத்த பதில்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள்.

“உங்க மேசைக்கு எதிர்ல பெட்டி ஒட்டுற பொண்ணு, அவ யாரு?”

“தெரியலையே.”

“தெரியலையா, சொல்ல மனசில்லையா? நேத்து எதுக்கு உங்களைப் பாத்து சிரிச்சா?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை இழந்துவிடுவோமோ என்று பயப்பட உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெட்டி எப்படி ஒட்டுகிறார்கள், அந்தப் பெண் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள், தான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவேன் என்று ஒன்று விடாமல் பொறுமையாகச் சொன்னார். அவள் ஒன்றையும் நம்பவில்லை. அவருடைய சந்தேகம் அவளிடம் போய்ச் சேர்ந்ததை ஊரில் யாரும் அதிசயமாகப் பேசவில்லை. ஓர் இடத்தில் வேலை முடிந்த பொருள் இன்னோர் இடத்துக்குப் போவதை அவர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவள் அவருக்கு ஓரடி பின்னாலேயே நடக்கிறாள். நாற்சந்தி வந்ததும் தன் காலை விட்டுவிட்டு அவர் காலையே பார்க்கிறாள். அவை இன்றுவரை அவளோடு இடப்பக்கம்தான் திரும்பியிருக்கின்றன. இருந்தாலும் அவள் பார்க்காமல் இருப்பதில்லை.