ஆறா, ஏழா

பெண் பார்க்க வந்த இடத்தில் மாணிக்கவாசகம் புதிர் போட்டிருக்க வேண்டியதில்லை. பெண்ணின் அப்பா கணேசமூர்த்திதான் தூண்டிவிட்டார். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்கு, அடையாறில் கம்ப்யூட்டரோடு வேலை பார்க்கும் பையன் தன் அபிராமபுரம் வீட்டுக்கு வந்ததில் ஏகப்பட்ட பெருமை.

"அந்த மிஷின் என்னதான் செய்யும் தம்பி? எங்க புஷ்பமும் கணக்குதான். எம்.எஸ்ஸி. சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

மாணிக்கம் ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினான். 'அவள் கையில் வளையல்.' போட்டோவைப் பார்த்த அன்றே அவளுக்காக யோசித்த வரி.

"இதுல ஒரு எழுத்துகூட ரெண்டாந்தடவை வராத நீளமான துண்டு எது? மிஷின்ல போட்டுப் பார்த்துட்டேன்."

தங்கபுஷ்பம் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முதல் எழுத்தில் வைத்தாள். வலது விரல் ஒவ்வொரு எழுத்தாக முன்னால் போயிற்று. 'வ' மறுபடி வந்ததும் இடது விரல் பழைய 'வ'வைத் தாண்டி வந்து நின்றது. திரும்ப முதலிலிருந்து அவள் தொடங்கவே இல்லை. விரல்களுக்கு நடுவில் ஒரு ஜன்னல் விரிந்தும் சுருங்கியும் நகர்ந்தது. மிஷினுக்கு அவன் சொல்லிக் கொடுத்திருந்ததும் இதே வழிதான்.

"ஏழு எழுத்து. 'ள்'ல ஆரம்பிச்சு 'ய' வரைக்கும்."

"ஆறுதான். 'கை'யில ஆரம்பிக்கணும்."

"எண்ணிப் பாருங்களேன்."

அவன் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "மிஷின் தப்புப் பண்ணாதுங்க."

"ரூம் முழுக்க நிக்குத மிஷினோட விரலை வச்சுப் போட்டி போடுதாளே!" என்றாள் அவன் அம்மா பேச்சியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"போதும் புஷ்பம். டம்ளரை எடுத்துட்டு உள்ள போ," என்றார் கணேசமூர்த்தி.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. எம்.எஸ்ஸி. பேச்சை இன்னையோட விட்டுருதேன். ஆறையும் ஏழையும் எண்ணத் தெரியாதவளுக்கு எதுக்கு?"

மாணிக்கம் மனசுக்குள் அவளுடைய விரல்களை மறுபடி நகர்த்திப் பார்த்தான். 'கையில்' என்ற சொல்லின் கடைசி 'ல்'லை அவள் நிற்காமல் கடந்தாள். மிஷின் ஏன் அங்கே நின்றது? கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கார்டு துளைக்கிற மிஷினில் தமிழ் கிடையாது. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் இங்கிலீஷில்தான் அடித்திருந்தான். 'ள்'ளுக்கும் எல். 'ல்'லுக்கும் எல்.

காது மடலெல்லாம் சுட்டது. அப்படியே வாசலில் நின்ற காரில் ஏறிவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

"ஏழுதான் சரி," என்றான். "நான்தான் 'ல'வையும் 'ள'வையும் ஒண்ணாப் போட்டுட்டேன்."

தங்கபுஷ்பம் கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும். அப்பாகிட்ட சொல்லுங்க. அவங்களும்தானே சிரிச்சாங்க."

பின்னாலேயே வந்து நின்ற கணேசமூர்த்தியிடம் திரும்பி, அதையே மறுபடி சொன்னான். இந்தத் தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது. "அவங்க படிப்பை நிறுத்திடாதீங்க சார். எண்ணத் தெரியாதவன் நான்தான்."

"ஒரு எழுத்துதானே தம்பி, விடுங்க..." என்றார் அவர் சங்கடத்தோடு.

"எழுத்து போகட்டும்பா. தாளைக் கொஞ்சம் குனிஞ்சு பார்த்திருக்கலாம்," என்றாள் அவள். "நான் காலேஜ்ல சேர்ந்துக்கிறேன். கல்யாண விஷயத்துல இவங்களுக்கு அப்புறம் பதில் சொல்லலாம்."

கணேசமூர்த்தி மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார். சரியென்று அவன் தலையாட்டினான். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.