பலகைச் சுவருக்கு அந்தப்புறம்

ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம், கடல் கடந்த ரெம்பியாவுக்கு உள்ளே இருந்த அந்தத் தோட்டத்தில், கூலிகள் குடியிருந்த லயங்களில் பாதி காலியானது. குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இருசம்மாள் போகவில்லை. ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. புருஷன் மணியம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். கடைசி லயத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

அவள் வாய்க்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மழை பெய்தால் மழையைத் திட்டுவாள், ரப்பர் பால் குறைந்தால் மரத்தைத் திட்டுவாள். மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கஞ்சியைக் குடித்துப் பாயில் விழுந்தால், திட்டவும் ஆளில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம்தான் பக்கத்து அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அக்கா... தண்ணி இருக்கா?"

அது வீரப்பன் குடும்பம் இருந்த அறை. அவர்கள் கப்பலேறியதும் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அதைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். இருசம்மாள் எழுந்துபோய்ப் பார்த்தாள். பூட்டு துருவேறித் தொங்கியது. பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். வெறுந்தரை. அதன்மேல் ஒரு கோடு வெயில். வேறொன்றும் இல்லை.

திரும்பி வந்து படுத்தாள். மறுபடியும் கேட்டது. இப்போது அவள் காதுக்கு நேராக, சுவருக்கு அந்தப்புறம் யாரோ தன்னைப் போலவே படுத்துக்கொண்டு பேசுவது போல.

"தண்ணி..."

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் குரலின் வறட்சி அவளுக்குத் தெரிந்தது. கடைசி நாட்களில் மணியமும் அப்படித்தான் கேட்டான். தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு, பலகைக்குக் கீழிருந்த சந்தில் தள்ளினாள்.

"யாரா இருந்தாலும் குடி. குடிச்சிட்டுப் போயிடு."

கொஞ்ச நேரம் கழித்துக் குவளையை இழுத்தாள். காலி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மறுநாள் பாயை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். குரல் விடவில்லை.

"அக்கா, வெளிய என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? கித்தா மரந்தான் இருக்கு."

"கித்தா மரம்னா எப்படி இருக்கும்?"

ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு கித்தா மரம் தெரியாதவர்கள் யார்? பயத்தை விழுங்கிக்கொண்டு, எரிச்சலோடுதான் சொன்னாள்: பட்டை சாம்பல் நிறம், வெட்டினால் பால் வடியும், வரிசை வரிசையாய் நிற்கும். அந்தப்புறத்துக் குரல் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு தினமும் தண்ணீர், தினமும் அந்தக் கேள்வி. சொன்னதையே சொன்னால் அந்தப்புறம் ஒரு பெருமூச்சு வரும். அதனால் இருசம்மாள் காட்டில் வேலை பார்க்கும்போதே கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழுந்து வெள்ளையாகிப்போன எறும்பு. பாதையில் குறுக்கே போன உடும்பு, மாப்பிள்ளை மாதிரி நிதானமாய். மண்டோர் சின்னத்தம்பியின் தொப்பியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுவருக்கு அந்தப்புறமும் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் முதுகில் ஒரு குளிர் இறங்கியது. ஆனாலும் அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக் கொட்டகையில் பார்த்துக்கொள்ளும் கருப்பாயி ஒருநாள் அவள் சிரிப்பைக் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருகிட்டடி பேசுற?"

இருசம்மாள் ஒளிக்கவில்லை. கேட்கக் கேட்கக் கருப்பாயியின் முகம் வெளுத்தது.

"வீரப்பன் குடும்பம் வர்றதுக்கு முன்ன நடந்தது. கப்பல்ல வேலைக்கு வந்த பொம்பளப் புள்ளை ஒன்னு. காய்ச்சலோட கொண்டாந்து அந்த ரூம்ல படுக்க வச்சாங்க. நாங்கல்லாம் வேலைக்குப் போயிட்டோம். மத்தியானம் வந்து பாத்தா உசுரு இல்ல. பேருகூடத் தெரியாது. இந்தத் தோட்டத்தை அது கண்ணால பாக்கவே இல்லடி. நீ மண்டோருகிட்டச் சொல்லி வேற ரூமுக்குப் போயிடு."

"போனா, வெளிய இருக்கறதை அதுக்கு யாரு சொல்லுவா அக்கா?" என்றாள் இருசம்மாள்.

இலை கொட்டும் காலம் வந்தது. ஒரு மத்தியானம் குரல் தண்ணீர் கேட்கவில்லை.

"நானும் வரட்டா அக்கா? வெளிய?"

சாயங்காலம் இருசம்மாள் மண்டோரிடம் போய், "தம்பி, பக்கத்து ரூமைக் கூட்டிப் பெருக்கணும், சாவி தாங்க" என்றாள். இவள் வாயிலிருந்து 'தம்பி' வந்த அதிசயத்தில் அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினாள். பூட்டைத் திறந்தாள். உள்ளே பார்க்காமல் சொன்னாள்:

"வாம்மா. வேலைக்கு நேரமாச்சு."

நடந்தாள். காய்ந்த இலைகளில் அவள் காலடி மொறுமொறுத்தது. ஒரு மூச்சு தள்ளிப் பின்னால் இன்னொரு காலடியும் மொறுமொறுத்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுதான் கித்தா மரம். தொட்டுப் பாத்துக்க."

பனியில் நனைந்திருந்த பட்டையில், அவள் கை படாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் துடைபட்டது. இருசம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டே போனாள். எறும்புப் புற்று, ஓடை, செப்பு நிறத்தில் துளிர்த்திருந்த புது இலை. பேசப் பேசப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மேட்டில் ஏறியபோது சூரியன் வந்தது. மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் கொட்டியது. லூபோக் சீனா ஊர்ப் பக்கத்துக் குன்றுகள் நீலமாய்த் தெரிந்தன.

"அம்மாடி," என்றது பின்னால் குரல். "எவ்வளவு பெருசு!"

அவ்வளவுதான். மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு காலடிதான் கேட்டது.

அன்று மத்தியானம் சுவரோரம் பாயைப் போட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கருப்பாயி அவித்த மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். இருசம்மாள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

இரண்டு பேரும் கிழங்கைப் பிட்டுத் தின்றார்கள். உப்பு சரியாக இருந்ததென்று இருசம்மாள் சொன்னாள். அவள் எதையும் நல்லதென்று சொல்லி அதுவரை கேட்டிராத கருப்பாயி, அவளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு எழப்போனாள்.

"இரு அக்கா. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம்."

கருப்பாயி உட்கார்ந்தாள். காற்று வரும்போதெல்லாம் எதிர்க் காட்டில் இலைகள் உதிர்ந்தன. மர நிழல் லயத்தின் படியைத் தொடும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.