விசிறிக்கு மேல் பேசுகிறவர்கள்

“அந்த விசிறி இரைச்சல்ல எங்கூட்டுப் பேச்சு ஒனக்கு எப்புடிக் கேக்கும்? பொய்யச் சொல்லி எம்மவ சம்மந்தத்தக் கலைக்கப் பாக்குற.”

வேலாயியின் வாயில் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டால் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் மற்றவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். வந்தார்கள்.

“கேட்டதத்தான் சொன்னேன்,” என்றாள் பக்கத்து வீட்டு மரியநாயகி. “நீ மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனப்பொறம் ஒம்மவ நிஷாந்தி போன்ல பேசுறா. வட்டகொட மாப்பிள்ள வேணாமாம். தலவாக்கலையில போன் கடை வச்சிருக்க துஷாந்துதான் வேணுமாம்.”

இதை அவள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். ஒருத்தி போதாதா?

மரியநாயகிக்கு இழுப்பு. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும். திறந்தால் எதிரே தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் விசிறிகள் உறுமும். என்ஜினியரிங் படிக்கும் மகன் அன்டன் லீவில் வந்து ஜன்னல் சட்டத்தில் மைக்கும் சின்ன ஸ்பீக்கர்களும் பொருத்தினான். வெளியிலிருந்து வரும் உறுமலுக்கு நேரெதிரான உறுமலை ஸ்பீக்கர் விடும். இரண்டும் மோதி அறைக்குள் அடங்கிப்போகும். ஜன்னல் திறந்தபடியே அவள் தூங்கினாள். ஆனால் அந்தக் கருவிக்கு உறுமலை அடக்கத்தான் தெரியும், மனிதர் பேச்சை அடக்கத் தெரியாது. விசிறிக்கு மேல் கத்தியே பழகிய லயம் அது. ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள். மரியநாயகி காதைப் பொத்திக்கொண்டாள் என்று யாரும் சொல்லவில்லை.

“உள்ள வந்து ஒக்காந்து பாருங்க, சின்னம்மா,” என்றான் அன்டன்.

வேலாயி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் சுவிட்சைப் போட்டான். உறுமல் இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து நிஷாந்தியின் குரல் தெளிவாக வந்தது.

“அம்மா வெளிய சண்டையில நிக்கிது. வியாழக்கெழம கல்யாணத்தப் பதிஞ்சிருவோம். ஆனா அம்மாவுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா? அதான் அழுகையா வருது.”

வேலாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, “கொஞ்சம் கூட்டி வையி தம்பி,” என்றாள்.

“ரேடியோ இல்ல, சின்னம்மா.”

வட்டகொடைக்காரர்களை வர வேண்டாமென்று அவளே சொல்லியனுப்பினாள். நிஷாந்தி துஷாந்தைக் கட்டிக்கொண்டு தலவாக்கலைக்குப் போனாள். அன்டனும் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் மத்தியானம் சோற்றுப்பானையை இறக்கும்போது வேலாயி, “ஒருத்திக்கு எதுக்குடி இம்புட்டு?” என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள், கத்தித்தான். மரியநாயகி ஒரு வாரம் படுத்தபடி கேட்டாள். நேற்று எழுந்து சுவிட்சை அணைத்தாள். விசிறிகளின் உறுமல் ஜன்னல் ஏறி வந்து அறையெல்லாம் நிறைந்தது.