கம்பள மிருகத்துக்கு இரங்கல் இசை

வேற்றுக்கிரகத்தின் கடைசி உயிர் சாகும் காட்சி அது. உயிர் என்றால், பழைய கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு, தலையில் வடிதட்டைக் கவிழ்த்த ஒரு சண்டை நடிகர். புரண்டு விழும்போது முதுகில் ஜிப் தெரிந்தது. தயாரிப்பாளர் டுவைட் கெஸ்லர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"மனித குலத்தோட தனிமை இது," என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வேலை வேண்டியிருந்தது.

அவரை அழவைத்தது மிருகமல்ல, இசை. அதைத் தற்காலிகமாகக் காட்சியின் அடியில் போட்டு வைத்தவள் நான். ஹாலிவுட்டில் இசைத் தொகுப்பாளரின் பிழைப்பே அதுதான். வாரா வாரம் வரும் விண்வெளித் தொடருக்கு வாரா வாரம் இசைக்குழுவை உட்காரவைக்க எந்த ஸ்டுடியோவுக்கும் மனசு வராது. சீசனுக்கு இவ்வளவு புது இசை என்று வாத்தியக்காரர்கள் சங்கம் வைத்த விதியை முடித்துவிட்டால், மிச்சத்துக்குப் பழைய சினிமாக்களுக்கு வாசித்துப் பதிந்த ஒலிநாடாக்களை எடுத்து ஒட்டலாம். கப்பல் மூழ்கிய இசையில் ராக்கெட் மூழ்கும். ரோமாபுரிப் படை நடந்த இசையில் பச்சைப் பல்லி நடக்கும். நாடாப் பெட்டியின் மேல் இசை எழுதியவர் பெயர் இருக்காது. 'பயம், குட்டை', 'துரத்தல்', 'துக்கம், நீளம்' என்றுதான் இருக்கும். கெஸ்லரை அழவைத்தது துக்கம், நீளம்.

இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் புது இசை வேண்டும் என்றார் கெஸ்லர். அவருக்கு ஒரு விருதின் மேல் கண். அதற்காக வரவழைக்கப்பட்டவர் ஆரின் ஹாஸ்கெல். அறுபது தாண்டியவர். படம் கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. இது நன்றாக வந்தால் அடுத்த சீசனில் நிரந்தர இடம் என்று இசைப் பிரிவில் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் ஃப்ரெஸ்னோவில் அக்கா வீட்டுக் கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கார்டியன் பாடம். இதை அவரே என்னிடம் சொன்னார், ஏதோ ஜோக் மாதிரி.

காட்சி முடிந்து விளக்குப் போட்டதும் பார்த்தேன். ஹாஸ்கெலின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"என்ன சார், மிருகத்தைப் பாத்துப் பயந்துட்டீங்களா?" என்றேன் வராந்தாவில்.

"தெல்மா, நீ போட்ட இசை யாருது தெரியுமா?"

"பெட்டியில பேரு இல்லியே."

"என்னுது. யுத்த சமயத்துல ஒரு கடற்படைப் படத்துக்கு எழுதினேன். செத்த மாலுமியோட உடலக் கடல்ல இறக்குவாங்களே, அந்தக் காட்சி. அப்பல்லாம் அஞ்சு பேரு எழுதுவோம், இசைப் பிரிவுத் தலைவர் பிராட்டன் பேரு மட்டும் திரையில வரும்."

"அய்யய்யோ. கெஸ்லர் கிட்ட சொல்லிடுங்க சார்."

"எதுக்கு? இருபது வருஷத்துக்கு முன்னாடி இருந்தவன ஜெயிக்க மாட்டேனா நான்?"

மூன்று வாரம் எழுதினார். பிறகு கெஸ்லருக்குப் பியானோவில் வாசித்துக் காட்டினார். நானும் இருந்தேன். அமைதியான இசை, எதற்கும் யாரையும் கெஞ்சாத இசை.

கெஸ்லர் நாற்காலியில் சாய்ந்து மேற்கூரையைப் பார்த்தார். அண்டவெளியைப் பார்க்கிறாராம்.

"ஆரின், கோவிச்சுக்காதீங்க. அந்த நாடாவுல இருக்கிற ஆள் அனுபவிச்சு எழுதியிருக்கான். சாவைக் கிட்டக்கப் பாத்தவன். நீங்க படிச்சுட்டு எழுதியிருக்கீங்க."

ஹாஸ்கெல் பியானோ மூடியைச் சாத்தினார்.

"அந்த ஆளும் நான்தான், சார்."

"எந்த ஆளு?"

"நாடாவுல இருக்கிற ஆளு."

சொல்லியே ஆகவேண்டி வந்துவிட்டது அவருக்கு. நான் தலையை ஆட்டி ஆமாம் என்றேன். கெஸ்லர் துள்ளி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

"மாஸ்டர்! இத்தனை நாள் வாயத் தொறக்கலியே! எங்க வீட்டுக்குள்ளயே ஒரு மேதை!" முதுகில் தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது. "அப்ப அது நம்ம ஸ்டுடியோ சொத்து. நம்ம ரூம்லயே இருக்கு. நீங்க எழுதினது, நான் அழுதது. ரெண்டாவது வாட்டி எதுக்கு எழுதணும்?"

"இல்ல சார், புதுசு..."

"உங்களையே நீங்க எதுக்கு மாஸ்டர் காப்பி அடிக்கணும்? தெல்மா, இசைக்குழுவுக்கு ஃபோன் போட்டு வரவேணாம்னு சொல்லிடு."

திரையில் பெயர் போடலாமா என்று நான் கேட்டேன். கெஸ்லர் சம்மதிக்கவில்லை; பிராட்டன் உயிரோடு இருக்கிறவரை அவர் மனசு நோகக் கூடாதாம். அடுத்த சீசன் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பழைய ஹாஸ்கெல் பெட்டியில் இருக்கும்போது புது ஹாஸ்கெலுக்குச் சாப்பாடு போடுவானேன்? வழியனுப்பும்போது கெஸ்லர் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று கொடுத்தார். வடிதட்டோடு மிருகம்.

ஊருக்குக் கிளம்புமுன் ஹாஸ்கெல் என் அறைக்கு வந்தார்.

"ஒரே ஒரு உதவிம்மா. கடைசியில ட்ரம்பெட்டெல்லாம் ஒண்ணாச் சேந்து கத்துதே, அது நான் எழுதினதில்ல. பிராட்டன் ஒட்டவச்சது. செத்தவன் முன்னாடி யாரும் அப்படிக் கத்தமாட்டாங்க. அத மட்டும் வெட்டிடு."

வெட்டினேன். செல்லோ வாத்தியங்கள் தாழ்ந்து, தாழ்ந்து, தானாகவே ஓய்ந்தன. அவர் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஒலி சேர்க்கும் அறையில் கெஸ்லரின் கைக்குட்டை பையைவிட்டு வெளியே வரவில்லை.

"தெல்மா, முடிவு எங்க? எனக்கு ஒண்ணுமே ஆகலியே! ஹாஸ்கெல் மாஸ்டரோட மேதைமையே அந்தக் கடைசிச் சத்தத்துலதான் இருக்கு. அதுல கைவைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அவருதான் சார் வெட்டச் சொன்னார்."

"படைச்சவனுக்கு தன் படைப்போட அருமை தெரியாதும்மா. திருப்பி ஒட்டு."

குப்பைத் தொட்டியிலிருந்து துண்டைத் தேடி எடுத்து ஒட்டினேன். எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

ஒளிபரப்பான மறுநாள் ஹாஸ்கெல் ஃப்ரெஸ்னோவிலிருந்து ஃபோன் செய்தார். பின்னால் யாரோ ஒரு பிள்ளை அக்கார்டியனைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது.

"பாத்தேன்," என்றார். "எங்க அக்கா அழுதுட்டா."

"எந்த இடத்துல சார்?"

பிள்ளையிடம் வாசிப்பை நிறுத்தச் சொன்னார்.

"கடைசியில," என்றார்.