பரணில் இருந்த நீல டப்

சமரச மையத்தின் காத்திருப்பு நாற்காலிகள் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பூட்டப்பட்டிருந்தன. ஒருவர் காலாட்டினால் ஐந்து பேர் ஆட வேண்டும். மூன்றாவது முறையாக வருவதால் அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. கணவர் முழங்காலை ஆட்ட ஆட்ட, வரிசையின் கடைசியில் இருந்த டீச்சரும் சேர்ந்து ஆடினாள். இவர்கள் இருவரிடமும் வீட்டை வாங்கி, எட்டே மாதத்தில் இவர்கள் மேல் வழக்குப் போட்டிருப்பவள் அந்த டீச்சர்தான். சிரிக்கலாம்தான். அதற்கும் தெம்பு வேண்டுமே.

அவள் கணவர் முப்பத்தெட்டு வருடம் பிளம்பராக இருந்தவர். எந்தச் சட்டைப்பையைத் துழாவினாலும் இரண்டு ரப்பர் வாஷர் கிடைக்கும் என்பதால் வாஷர் என்றே பெயராகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எவன் பண்ணின வேலை இது?" என்று கேட்டுவிட்டுத்தான் பையையே திறப்பார். சொந்தக்காரர்கள் வீட்டில் காபி குடிக்கப் போனாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். அவள் எத்தனையோ முறை தொடையில் கிள்ளியிருக்கிறாள்.

வீட்டை விற்றபோது ஒரு உறுதிமொழிப் படிவம் தந்தார்கள். 'வீட்டில் நீர்க்கசிவு உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே வாஷர், 'அறவே இல்லை' என்று அழுத்தி எழுதினார். 'இல்லை' மட்டும் எழுதினால் போதும் என்று தரகர் சொன்னதையும் கேட்கவில்லை. அதற்குக் கீழே அவரும் அவளும் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கையெழுத்துதான் அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் குழாய், படுக்கையறைக்கு மேலே உள்ள பரணில் ஒரு முழங்கை வளைவாகத் திரும்பும். அங்கே கசிந்தது. வீட்டை விற்பதற்கு நாலு வருடத்துக்கு முன்னால் வாஷர் ஏறிப் பிரித்து, முழுதாக மாற்றிப் பூட்டினார். ஒரு மணி நேர வேலைக்கு அன்று நாலு மணி நேரம் ஆனது. கை நடுக்கம் ஆரம்பித்திருந்த சமயம் அது. வியர்த்து வழிய இறங்கி வந்து, "இனிமே இந்த வீட்ல ஒரு சொட்டு ஒழுகாது" என்றார். அடுத்த வாரம் டாக்டர், ஏணி ஏறக் கூடாது, ஸ்பானரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் கையால் செய்த கடைசி வேலை அந்த வளைவுதான்.

பத்தாம் நாள் அது சொட்டியது.

அவள் சொல்லவில்லை. துணி அலசும் நீல டப்பைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறி, வளைவுக்குக் கீழே வைத்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை, அவர் காலையில் நடக்கப் போகும் நேரம் பார்த்து ஏறி, தண்ணீரை வாளியில் மொண்டு இறக்கினாள். நாலு வருடம். சாவி கொடுத்த அன்று டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட நினைத்தாள். வாஷர் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். வாய் வரை வந்தது திரும்பிப் போனது. டப்பும் பரணிலேயே தங்கிவிட்டது. எட்டாம் நாள் நிரம்பியிருக்கும்.

உள்ளே கூப்பிட்டார்கள். சமரசம் பேசும் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துவிட்டு, வாங்கியவர்கள் தரப்பில் புதிதாகத் தந்திருந்த நீல டப்பின் புகைப்படத்தை இவர்கள் பக்கம் தள்ளினார். வாஷர் அதை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். படம் அவர் கையில் நடுங்கியது.

அந்த டப் தங்களுடையதே இல்லை என்றார். தான் பரண் ஏறி நாலு வருடத்துக்கு மேலாயிற்று, வாங்கியவர்களே வைத்துப் படம் பிடித்திருப்பார்கள் என்றார்.

டீச்சர் நிமிர்ந்தாள். அழுது களைத்த முகம். சீலிங் ஊறி உடைந்து விழுந்ததில் நூற்றுப்பன்னிரண்டு பரீட்சைத்தாள் நனைந்துபோனது, எழுத்தே தெரியாததால் எல்லோருக்கும் பாஸ் போட வேண்டியதாயிற்று என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள். "பசங்க எல்லாம் எங்க கட்சிதாம்மா" என்றார் இவர்களுடைய வக்கீல். யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றாள் டீச்சர். "இவர் தெரிஞ்சே பொய் எழுதினாரு. அதை ஒத்துக்கச் சொல்லுங்க. ஒரு பிளம்பருக்குத் தெரியாதா?"

வாஷரின் முழங்கால் ஆடுவது நின்றது. முகம் சாம்பல் பூத்துப்போனது. அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் வேலை மட்டம் என்று ஒருவரும் சொன்னதில்லை. பொய்யர் என்று சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை.

"அந்த டப் என்னோடதுங்க" என்றாள் அவள்.

வக்கீல் அவசரமாக அவள் பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்க்காமல், சமரசம் பேசும் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பத்தாம் நாள் சொட்டியது, டப் வைத்தது, வாளியில் இறக்கியது. கடைசியில், "அவர் எழுதினது அவர் வரைக்கும் நிஜம். கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர்ல பொய் சொன்னது நான்தான்" என்றாள்.

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வாஷர் புகைப்படத்தைத் திரும்ப எடுத்து வளைவை உற்றுப் பார்த்தார். பிறகு, "எத்தனை வருஷம்?" என்றார்.

"நாலு."

"முட்டி வலின்னியே. நான் தெனம் தைலம் தேய்ச்சு விட்டேனே."

"ஏணி ஏறினதுதாங்க."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு பேச்சு அதிகம் நீளவில்லை. குழாயையும் சீலிங்கையும் விற்றவர்கள் செலவில் சரிசெய்து தருவது, அதோடு வழக்கை முடித்துக்கொள்வது என்று எழுதிக் கையெழுத்தானது. இந்த முறை அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டாள்.

சனிக்கிழமை காலை பழைய வீட்டுக்குப் போனார்கள். அமர்த்தியிருந்த குழாய் மெக்கானிக் பரணில் ஏறினார். வாஷர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே டார்ச் வெளிச்சம் இப்படியும் அப்படியும் அலைந்தது. ஸ்பானர் இரண்டு தட்டு தட்டியது.

"எவன் பண்ணின வேலைங்க இது?" என்று மெக்கானிக் மேலிருந்து குரல் கொடுத்தார்.

டீச்சர் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். வாஷரின் பக்கத்தில் நின்ற அவள் எதையாவது சொல்லி மழுப்ப வாயைத் திறந்தாள். வாஷர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நான் பண்ணினதுதான்" என்றார் மேலே பார்த்து. "மரை சரியா ஏறலை, பாருங்க. கை நிக்கலை அன்னிக்கு. வெட்டிட்டுப் புதுசா போட்டுருங்க."

மேலே ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெக்கானிக், "சரிங்கண்ணே" என்றார்.

திரும்பும்போது நீல டப்பை டீச்சர் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது.

"இனிமே எது ஒழுகினாலும் சொல்லிடு" என்றார் வாஷர்.

"சொல்றேங்க."

பஸ் வருவதாகத் தெரியவில்லை. அவள் டப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இப்ப இருக்கிற வீட்ல, பாத்திரம் கழுவுற குழாய் சொட்டுதுங்க."

"எத்தனை நாளா?"

"குடி வந்த நாள்லேர்ந்து."

வாஷர் பெருமூச்சு விட்டார். பிறகு சட்டைப்பையைத் துழாவி, ஒரு வாஷரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.