முதல் கை இல்லாத மனு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள். தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரையையே திகைக்க வைத்த ஒரு காகிதத்தின் கதை சொல்கிறேன்.

அங்கே மேஸ்திரி சின்னையன் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். அதற்கு முந்தின வருஷம் "அடிக்காதீங்க" என்று முதலில் வாய் திறந்த பூவாயியைக் கைக்குழந்தையோடு அடிவாரத்துக்கு விரட்டிவிட்டார் துரை. அதிலிருந்து முதல் ஆளாக நிற்க யாருக்கும் துணிவில்லை. பழம் பறிக்கும் ஆராயிக்கும்தான். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து அறையை விட்டால் மூன்று பிள்ளைகளோடு அவள் எங்கே ஒதுங்குவாள்?

ஆனாலும் வழி கண்டவள் அவள்தான். 'எங்கள் மேஸ்திரியை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம்' என்று மஞ்சக்குட்டை ஊர் வாத்தியாரிடம் மனு எழுதி வாங்கினாள். அதன் அடியில் சோற்று வட்டிலைக் கவிழ்த்து, கரியால் வட்டம் இழுத்தாள். எஸ்டேட் ஆட்கள் நாற்பது பேரும் அதைச் சுற்றிக் கைநாட்டு வைத்தார்கள்.

காலையில் பேர் கூப்பிடும் களத்தில் மனு துரை கைக்குப் போனதும் அவர் கத்தினார். "முதல் கை யார் வைத்தது?"

கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் காகிதத்தைத் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார்.

"ஏனுங்க ரைட்டரே, ராட்டினமா சுத்தறீங்க?" என்றாள் வரிசையில் நின்ற வெள்ளையம்மாள். வரிசையே சிரித்தது.

ஒரு ரேகையை மட்டும் கத்தித் தழும்பு குறுக்கே பிளந்திருந்தது. ரைட்டர் நேராக வந்து ஆராயியின் கட்டைவிரலைத் தூக்கினார்.

"ஏ புள்ள, இது உன்னுதுதான? நீதான் முதலா?"

"என்னுதுதானுங்க. இந்தப் பக்கம் வெள்ளையம்மா, அந்தப் பக்கம் சென்றாயன். அப்பிடிச் சுத்துனா நான் முதலு, இப்பிடிச் சுத்துனா கடைசிங்க."

"இவள் எஸ்டேட்டை விட்டுப் போகட்டும்!" என்றார் துரை.

ஆராயி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பானையைத் தலையில் வைத்தாள். திரும்பிப் பார்த்தால், எல்லார் தலையிலும் பானை! செடியெல்லாம் செக்கச்செவேலென்று காப்பிப் பழம். பறிக்க ஒரு கை மிச்சமில்லை. பழம் காத்திராது, உதிர்ந்துவிடும். அது துரைக்கும் தெரியும்.

மலைப்பாதையின் மூன்றாம் வளைவில் ரைட்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "திரும்புங்க தாயி! தொரை ஒத்துக்கிட்டாருங்க!"

இப்போது 'தாயி'யாம்!

"பூவாயியும் வரோணுங்க" என்றாள் ஆராயி, பானையை இறக்காமல்.

"வரட்டுங்க, நொம்பச் சந்தோசமா வரட்டுங்க!"

மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்கக் களத்தில் ஆராயிக்கு ஒரு கூடை, சின்னையனுக்கு ஒரு கூடை. ஆளுக்கொரு பழம் போட்டார்கள். சின்னையன் கூடையில் ஒன்றே ஒன்று கிடந்தது, அவர் போட்டது.

"உங்க ஊட்டுக்காரி பழம் எங்கீங்க?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள். சின்னையன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பூவாயி மலையேறி வந்த அன்று, அவள் குழந்தைக்கு வெந்நீர் வைத்தாள் மேஸ்திரி ஆராயி. அடுப்பில் எரிந்தது அந்தப் பிரம்பு.

உங்கள் வீட்டுப் பானையும் யார் மிரட்டலுக்கும் அடுப்பை விட்டு இறங்காமல், வந்தவருக்கெல்லாம் சோறு பொங்கட்டும் சாமிகளா.