ஆர்வில் டெல்விச்சின் மரண அறிவிப்பில் ஒரு பெயர்

1

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை, விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பேயில் ஆர்வில் டெல்விச் இறந்தார். வயது எண்பத்தொன்று.

இந்தக் கதை அந்த மரண அறிவிப்பிலிருந்து வந்தது. அறிவிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். ஊர்ப் பத்திரிகையில் மரண அறிவிப்புகள் என் மேசைக்குத்தான் வரும். பிறந்த தேதி, மணம் முடித்த தேவாலயம், வேலை பார்த்த காகித ஆலை, பின்னால் விட்டுச்சென்றவர்கள், அப்புறம் கட்டாயமாக ஒரு வரி: ஊர் அணியின் மேல் இறந்தவருக்கு இருந்த பற்று. அந்த வரி இல்லாமல் ஒரு அறிவிப்பு வந்தால் குடும்பத்தைக் கூப்பிட்டு, மறந்துவிட்டீர்களா என்று கேட்பேன். பெரும்பாலும் மறந்திருப்பார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்வார்கள்.

ஆர்வில் விஷயத்தில் அந்த ஒரு வரியில்தான் தகராறு.

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்களை இங்கேயே வைத்துவிடுகிறேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

‘தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை’

[நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் வாசகர் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.]

‘பனி விழுந்துகொண்டிருந்த அந்தக் காலையில் லூவான் தன் அப்பாவின்’

[பனி விழவில்லை. வெறும் குளிர்தான்.]

‘ஒரு மகளுக்கு அப்பா எதை விட்டுச்செல்கிறார்?’

[தெரியாது. அடுத்தது.]

மூன்றாவது வரைவை விளையாட்டுப் பக்கத்து ஆசிரியரிடம் கொடுத்தேன். இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“பிரேடி எங்க?”

“இது ஒரு மகளைப் பத்தின கதைங்க.”

“அது சரி. கோப்பை மேல கோப்பை ஜெயிச்ச பிரேடி எங்க?”

எனக்கு இந்த விவாதத்தின் மேல் இருக்கும் எரிச்சலை இங்கேயே கொட்டிவிடுகிறேன்; பிறகு கதை நடுவில் வராமல் பார்த்துக்கொள்ள முயல்வேன். பந்தை எறிபவர், பிடிப்பவர், தூக்கிக்கொண்டு ஓடுபவர், ஓடுபவரை விழுத்தாட்டுபவர், இவர்கள் யாரையும் யாரும் தொடாமல் மறித்து நிற்பவர் என்று ஆளுக்கொரு தொழில். நாகஸ்வரக்காரரையும் தவில்காரரையும் பந்தல் போட்டவரையும் ஒரே தராசில் ஏற்றி, இவர்களில் யார் பெரியவர் என்றால் என்ன சொல்வது? சாம்பியன் பட்டத்துக்குக் கொடுக்கும் வெற்றி மோதிரங்களை எண்ணலாம் என்பார்கள். மோதிரம் மொத்த அணிக்கும் கிடைப்பது. புள்ளிகளை எண்ணலாம் என்பார்கள். தோல் தொப்பி போட்டு ஆடிய காலத்துப் புள்ளியும் இன்றைய புள்ளியும் ஒன்றா என்று உடனே அடுத்த சண்டை. கடைசியில் இந்த ஊரில் நிற்கும் அளவுகோல் ஒன்றுதான்: அவன் நம்ம ஆளா? அதிலும் முக்கியமாக, அவன் நம் பரம எதிரி சிகாகோ அணிக்காரன் இல்லையே?

(இதைப் படிக்கும் நீங்கள் இந்நேரம் மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லியிருப்பீர்கள். தயவுசெய்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.)

3

புதன்கிழமை காலை லூவான் டெல்விச் என் மேசைக்கு வந்தாள். ஐம்பத்து நான்கு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அப்பாவின் கடைசி வருடங்களில் அவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டவள். கூடவே தம்பி ரஸ், முந்தைய நாள் மினியாபொலிஸிலிருந்து காரோட்டி வந்தவன்.

“இந்த ஞாயித்துக்கெழம நமக்கு ஆட்டம் இல்லாத வாரம்,” என்றாள் லூவான். “யாருக்கும் தொந்தரவு குடுக்காமப் போயிட்டாரு.”

அதுவரை இருவருக்கும் ஒத்துப்போனது. நான் அந்த வரிக்கு வந்தேன்.

“இப்படிப் போடுங்க,” என்றான் ரஸ். “டான் ஹட்சன்தான் எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர்னு கடைசி மூச்சு வரைக்கும் வாதாடினார்.”

“போடாதீங்க,” என்றாள் லூவான்.

“ஏன்? ஹட்சன் நம்ம அணியோட பழைய ஆளு. அப்பா வாதாடினது ஊருக்கே தெரிஞ்சதுதானே?”

“ஊருக்குத் தெரிஞ்சது அதான். அவர் மனசுல இருந்தது வால்ட்டர் பேட்டன்.”

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ரஸ் முதலில் சிரித்தான்.

“சிகாகோ பேட்டனா?”

“வேற எந்தப் பேட்டன் இருக்கான்?”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? விட்டா பெட்டி மேல சிகாகோவோட கரடிச் சின்னம் ஒட்டிருவ போலிருக்கே!”

“மினசோட்டாவுல குடியேறி, பையனுக்கு அந்த ஊர் டீமோட ஊதாச் சட்டைய மாட்டிவிட்டு அழகு பாத்தவன் நீ. அப்பாவப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத.”

“அது அவனோட பொறந்தநாளுக்கு மாமனார் வாங்கிக் குடுத்தது!”

“போட்டோவுல நீ பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறியே, அதுவும் மாமனார் குடுத்ததா?”

அப்புறம் அவள் சொன்னாள். 1985 நவம்பர். அப்பாவின் இரண்டு சீசன் டிக்கெட்டில் ஒன்று அவருக்கு, மற்றது அன்று அவளுக்கு. சிகாகோ பதினாறுக்குப் பத்து என்று ஜெயித்த ஆட்டம். பேட்டன் பந்தோடு ஓடினார். எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் அடிபடாமல் தப்பலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த ஆள் தாண்டாமல், துரத்தி வந்தவன் மேலேயே தோளைக் கொடுத்து இடித்தார். நம் ஆள் மேல். சுற்றிலும் ஊரே திட்டிக்கொண்டிருந்தபோது அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியில் படிந்த ஆவி விலகும்வரை சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: “இவனுக்கு மேல ஒருத்தனும் இல்ல. நான் இருக்கறவரைக்கும் இத யார்கிட்டயும் சொல்லாத.”

லூவான் சொல்லவில்லை. கணவனிடம் கூடச் சொல்லவில்லை. கணவன் போனபிறகு சொல்ல ஆளும் இல்லை. அணி, பார் மேசை, கத்தல், ஹட்சன் எல்லாம் எல்லோருக்கும் பொதுவான அப்பா. காருக்குள் அந்த ஒரு வாக்கியம் சொன்ன அப்பா அவளுக்கு மட்டும். அவர் இப்போது இல்லை. அச்சில் ஒருமுறையாவது அந்த மனிதர் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

“பெட்டியத் தூக்கப்போறவங்க யாருன்னு யோசிச்சியா?” என்றான் ரஸ். “பார்ல அப்பாவோட உக்காருற அந்தச் செவ்வாக்கெழம மேசை ஆளுங்க ஆறு பேரு. இதப் படிச்சிட்டு எவன் வருவான்?”

மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றேன்.

4

[ஆர்விலின் நண்பர் நார்ப்பைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவரை வேடிக்கை மனிதராக எழுதியிருந்தேன்: ஊர் ரசிகர்கள் போடும் மஞ்சள் பாலாடைக்கட்டி வடிவத் தொப்பி, பெரிய வயிறு, வாய் நிறைய வசை. தொப்பியை எடுத்துவிட்டேன். வயிற்றையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்தவரைத்தான் கீழே பார்க்கிறீர்கள்.]

நார்ப் டில்கன்ஸ் ஆர்விலோடு ஒரே ஆலையில் வேலை பார்த்தவர். செவ்வாய்க்கிழமை தோறும் பாரில் மூலை மேசை. யார் பெரிய ஆட்டக்காரர் என்பதுதான் பேச்சு. வேறு பேச்சு கிடையாது. மேசைக்கு ஒரே ஒரு சட்டம்: சிகாகோக்காரன் பெயரை எடுக்கக் கூடாது. சட்டம் போட்டது ஆர்வில்.

பெட்டி தூக்குபவர்களில் மூத்தவர் நார்ப். அவரிடம் முதலில் சொல்லிவிடுவது நியாயம் என்று லூவான் மதியம் பாருக்குப் போனாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தி முடிக்கட்டும், பிறகு பேசலாம் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போனாள்.

நார்ப் கத்தவில்லை. பிராந்திக் கோப்பையில் மிதந்த செர்ரிப் பழத்தைக் குச்சியால் ஓரம் தள்ளிக்கொண்டே கேட்டார்.

“எந்த ஆட்டம்மா?”

“எண்பத்தஞ்சு. நவம்பர்ல.”

“அன்னிக்கேவா சொன்னான்?”

“ஆமா. வண்டியில ஏறினதும்.”

“ஞாயித்துக்கெழம.”

“ஞாயித்துக்கெழமதான். ஏன்?”

நார்ப் குச்சியைக் கீழே வைத்தார்.

“அடுத்த செவ்வாக்கெழம, இதே மேசையில, நான் அதத்தான் சொன்னேன். ‘சட்டம் கெடக்கட்டும், அந்தப் பேட்டன் மாதிரி ஒருத்தன நான் பாத்ததில்ல’ன்னேன். உங்கப்பன் எந்திரிச்சு நின்னான். ‘சிகாகோவுக்கு பஸ்ஸு இருக்கு, ஏறிக்கடா’ன்னான். எல்லாரும் சிரிச்சானுங்க. என் நாற்காலிய எடுத்துப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டான்.”

“விளையாட்டுக்குச் செஞ்சிருப்பாரு, நார்ப்.”

“கோடை வரைக்கும் நாற்காலி திரும்பி வரல. அந்தக் குளிர்காலம் பூரா ஞாயித்துக்கெழம ஆட்டத்தக்கூட அவங்களோட சேந்து பாக்காம வீட்ல தனியா உக்காந்து பாத்தேன். ஏன் போகலன்னு பொண்டாட்டி கேப்பா. தலவலின்னுவேன். எத்தன ஞாயித்துக்கெழமைக்குத் தலவலிக்கும்? கடைசியில நானே வந்து, ஹட்சன்தான் பெரியவன்னு சொல்லி உக்காந்தேன். அதுலேர்ந்து இவ்ளோ காலமும் ஹட்சன் ஹட்சன்னு அவனவிடச் சத்தமாக் கத்துனது நான்தான்.”

“எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாதே! நான் சொன்னது தப்புன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்.”

லூவான் சிகாகோ பெயரைக் கேட்டுக் கோபப்படும் ஒருவருக்குத்தான் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இவருக்குச் சொல்ல ஒன்றும் கொண்டுவரவில்லை. அப்பா அவளுக்குக் கொடுத்த அந்த வாக்கியம் இரண்டே நாளில் இந்த மேசையில் என்ன வேலை செய்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“போடட்டுமா, வேணாமா?”

“உங்கப்பன் சொன்னது, உன் இஷ்டம்.” நார்ப் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். “பெட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கம்மா.”

5

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவது: ரஸ் சொன்னபடி ஹட்சன் பெயரோடு அறிவிப்பு வருகிறது. நார்ப் மனம் மாறி வருகிறார், ஆறு பேரும் தூக்குகிறார்கள், எல்லோரும் சூப் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மரண அறிவிப்பு மேசைக்காரனாக எனக்குப் பிடித்த முடிவு இது. பத்தியும் கச்சிதமாக அமையும். ஆனால் லூவான் வாயை மூடிக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதாக எழுத என்னால்

இரண்டாவது: எந்தப் பெயரும் இல்லை. ‘அணியின் தீவிர ரசிகர்.’ யாருக்கும் வலிக்காது. [யாரைப் பற்றியும் இல்லாத வரி.]

மூன்றாவது: பேட்டன் பெயர் வருகிறது. சனிக்கிழமை தேவாலயத்தில் கடைசி நிமிடத்தில் நார்ப் தடுமாறி எழுந்து, காலியாக நிற்கும் ஆறாவது இடத்துக்கு வந்து பெட்டியில் கை வைக்கிறார். ஆர்கன் வாசிப்பு. இதைப் படித்த மூன்று பேர் கண் கலங்கிவிட்டது என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூவருமே, பந்து பிடிப்பதில் பேர்போன ஜெரி ரைஸ் பேச்சே இதில் வரவில்லையே என்று கேட்டார்கள்.

மூன்றாவது முடிவைக் கிழித்துப் போட்டேன். அப்படிக் கேட்டவர்கள் மேல் வந்த இந்தக் கோபத்திலாவது நான் கொஞ்சம் நியாயமானவன்.

6

ஐந்து மணிக்குச் சற்று முன்பு லூவான் தொலைபேசியில் கூப்பிட்டாள். பாரில் நடந்ததை முழுக்கச் சொன்னாள். பிறகு மூன்று வாக்கியங்களைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். பின்னணியில் ரஸ்ஸின் குரல் கேட்டது: “ரெண்டாவது எதுக்கு?” அவள் மூன்றையும் என்னைத் திரும்பப் படித்துக்காட்டச் சொன்னாள்.

அவள் செய்தது சரியா, செத்த மனிதரை அப்படிக் காட்டிக்கொடுக்கலாமா, நார்ப் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்பதையெல்லாம் எழுத மறுக்கிறேன். நார்ப்பிடம் நான் கேட்கவும் இல்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தையாவது யாரோடும் வாதாடாமல் செய்யலாம். அச்சில் வந்ததையும் நான் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

வியாழக்கிழமை வெளிவந்த அறிவிப்பின் கடைசி வரிகள்: ‘எக்காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் வால்ட்டர் பேட்டன் என்பது ஆர்வில் வெளியே சொல்லாத கருத்து. அதை வெளியே சொன்னவர் அவருடைய நண்பர் நார்பர்ட் டில்கன்ஸ். அவர் சொன்னது சரி.’

சனிக்கிழமை அடக்கம். மேசையாட்கள் ஐந்து பேர் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். ஆறாவது இடத்தில் ரஸ் நின்றான். நார்ப் தேவாலயத்துக்கு வந்திருந்தார். பெட்டி கடந்துபோகும்போது எல்லோரும் எழுந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்தார்.